கோழிக்கு அரைத்தது

சனிக்கிழமை ராத்திரியே அரைத்து வைத்துவிட்டேன்.
சோம்பு, மிளகு, காய்ந்த மிளகாய் பதினாறு,
கல்பாசி ஒரு கிள்ளு,
மராட்டி மொக்கில் பாதி.
மீதிப் பாதி அடுப்புக்கடியில் எங்கோ உருண்டுவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை கோழி.
அப்படித்தான் நினைப்பு.

விடியக் கொட்டுச் சத்தம்.
பல் துலக்கிக்கொண்டே மீனாள் சொன்னாள்:
"காப்புக் கட்டிட்டாக.
இனி எட்டு நாளைக்குக் கவுச்சி கிடையாது."

கோட்டையூருக்குக் குடிவந்து இரண்டு வருஷம்.
எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது தெரியும்.
அம்மனுக்கு எப்போது காப்பு என்று
கேட்டு வைக்கத்தான் தெரியவில்லை.

டப்பாவைத் திறந்து பார்த்தேன்.
குளித்துத் தலைசீவி வேலைக்கு வந்தவன்
இன்றைக்கு லீவு என்று தெரிந்து
பூட்டிய கேட்டின் முன் நிற்பதுபோல
நின்றது மசாலா.

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
மூன்றாம் நாளே எங்கள் மேசை விசிறி
ஒரு முனகலோடு புகைந்து செத்துப்போனது.

ரயில்வே கேட்டருகே வண்டி நிறைய மக்காச்சோளம்,
ஐம்பது ரூபாய்க்கு ஆறு.
"கோழிக்கால் மாதிரியே பிடிச்சுக் கடிக்கலாம்"
என்றாள் மீனாள்.
கடைக்காரன் சிரிக்கவில்லை.

மடலை உரித்தால் உள்ளே இன்னொரு மடல்,
அதற்குள்ளும் ஒன்று.
இந்த வெயிலில் இத்தனை சட்டை போட்டுக்கொண்டு
எப்படித்தான் இருந்தாயோ.
கடைசியில் ஈரமாய் இளமஞ்சள் முடி,
விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு
உதற உதறப் போகாமல்.

சாயங்காலம் ஆறரை. மொட்டைமாடித் தட்டோடு
இன்னும் உள்ளங்காலைச் சுடுகிறது.
மூன்று செங்கல், கொஞ்சம் கரி.
செத்த விசிறியின் முன்பக்க வலையைக் கழற்றி
மேலே வைத்தேன்.
காற்று கொடுத்த காலத்தில்கூட அது
இவ்வளவு உபயோகப்பட்டதில்லை.
மீனாள் சுளகால் வீச
விசிறிக்கே விசிறல்.

முத்து வெளிறி, புள்ளி விழுந்த பிறகுதான்
மசாலா பூசவேண்டும், முதலிலேயே பூசினால் கசக்கும்
என்பது என் கணக்கு.
கருகட்டும், கொஞ்சம் கருகினால்தான் ருசி
என்பது அவள் கணக்கு.
மூன்று கதிர் என் முறைப்படி,
மூன்று அவள் முறைப்படி.

ஒரு முத்து படக்கென்று வெடித்து
அவள் கன்னத்தில் தெறித்தது.

நல்லெண்ணெயில் குழைத்த மசாலா
கங்கில் சொட்டியதும்
வாசனை கைப்பிடிச்சுவர் ஏறிக் குதித்துத் தெருவுக்குப் போனது.
தன்னோடு கோழி இல்லை என்று
அதற்கு யார் சொல்வது?

எதிர்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கை
அப்படியே நின்றது.
கீழே இரண்டு ஜன்னல் திறந்தது.
ஒன்று மூடியது.

பிறகு படியில் செருப்புச் சத்தம்.
அடைக்கலம். கையில் கோயில் வரி ரசீதுப் புத்தகம்,
மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.
எங்களைப் பார்க்கவில்லை, வலையைப் பார்த்தார்.
"சோளமா?"
"சோளந்தான்."
"சோளத்துக்கா இம்புட்டு வாசம்?"
குனிந்து ஒவ்வொன்றாய் எண்ணினார், ஆறு.
பிடிபடாத குற்றத்தில்
அவருக்குச் சின்ன ஏமாற்றம்.
ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது கிழித்தார்.

மீனாள் ஒரு கதிரை மடலில் வைத்து நீட்டினாள்.
"நான் ஒரு பொழுதும்மா, மத்தியானமே சாப்பிட்டாச்சு"
என்றவர் கையை மட்டும் பின்னால் இழுக்கவில்லை.
முகர்ந்தார். திருப்பிக் கொடுத்தார்.
படி இறங்கப் போனவர் நின்று,
தாழ்ந்த குரலில்:
"இந்த மசாலா எட்டாம் நாள் வரைக்கும் தாங்குமா?"

தட்டில் தயிர்ச்சோறு, பக்கத்தில் வெஞ்சனமாய்ச் சோளம்.
உருண்டு உருண்டு விளிம்பில் முட்டியது.
இருட்டில் எது என் முறை, எது அவள் முறை
தெரியவில்லை. கேட்கவுமில்லை.
உதட்டில் எண்ணெய், மூக்கில் நீர்,
பல்லிடுக்கில் தோல்.

காலையில் மாடிக்குப் போனேன்.
மசாலா ஒட்டிக் காய்ந்த கம்பிகளில்
வட்டம் வட்டமாய் எறும்புகள்.
அவையும் ஏமாந்துதான் வந்திருக்கும்.