கறுப்புத் தேளின் மூஞ்சி

சுவரொட்டியில் நான் பர்மாவிலிருந்து வந்தவன்.
அங்கே ஏழு பேரை முடமாக்கியவன்.
உண்மையில் காரைக்குடிக்கு அப்பால்
பஸ்ஸில்கூடப் போனதில்லை.

தெற்குமாசி வீதித் தையல்காரர் துளசிராம்
தியேட்டரில் கழித்துப்போட்ட திரைத்துணியில்
முகமூடி தைத்துத் தந்தார். ஒன்றே முக்கால் ரூபாய்.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு ஒன்று.
வாய்க்கு வேண்டாம் என்றுவிட்டார் காண்ட்ராக்டர் சவரிராயன்:
"நீ வாயைத் திறந்தா
உசிலம்பட்டி கீழ விழுந்துரும்டா."

தமுக்கம் மைதானம், சனிக்கிழமை ராத்திரி.
டியூப்லைட்டைச் சுற்றி ஈசல்.
நான் கயிற்றைத் தாண்டினாலே
மதுரை எழுந்து நின்று ஏசும்.
கடலைத் தோல், செருப்பு,
ஒருமுறை பாதி குடித்த பருத்திப்பால்.
மில்லில் என் மேஸ்திரி நாகலிங்கம்
முன்வரிசையில் உட்கார்ந்து
என் ஆத்தாளைச் சொல்லித் திட்டுவார்.
திங்கட்கிழமை அதே வாயால்
"ஏண்டா ஒச்சு, கண்ணு வீங்கியிருக்கு?" என்பார்.
"குளவிங்கய்யா."

தல்லாகுளம் தவமணிதான் நல்லவன்.
வெள்ளை ஜட்டி, நெற்றியில் விபூதி.
அவன் கண்ணில் நான் மண்ணைத் தூவ வேண்டும்.
நடுவர் அந்நேரம்
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
திண்டுக்கல் ஆட்டம் முடிந்தால் ஒரே வேன்.
என் முழங்காலை மடியில் போட்டுத்
தைலம் தேய்த்தபடியே
தங்கச்சி கல்யாணக் கடனைச் சொல்லி அழுவான்.
பரவை வந்ததும் வேன் நிற்கும்.
நான் இறங்கி நடப்பேன்.
பகையாளிகள் சேர்ந்து ஊருக்குள் நுழையக் கூடாது.

கடைசி ஆட்டம்.
தேள் தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும்.
டிக்கெட் இரண்டு மடங்கு.
"உன் மூஞ்சி சரிப்படாது ஒச்சு," என்றார் சவரிராயன்.
"மூணு மாசமா பயந்தவனுக்கு
உன்னையக் காட்டுனா
காசைத் திருப்பிக் கேப்பான்."
தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து
சிலுவை என்று ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார்.
பூனைக்கண். கன்னத்தில் கத்தித் தழும்பு.
அந்தத் தழும்பே பத்து ரூபாய் பெறும்.

இரும்புக் கம்பி எடுப்பதுபோல்
மேடைக்கடியில் புகுந்தேன்.
இருட்டில் மாறிக்கொண்டோம்.
என் வியர்வையோடு தலையில் மாட்டியவன்
"நாறுதுண்ணே" என்றான்.
கம்பியோடு அவன் மேலேறினான்.
நான் லுங்கியைக் கட்டிக்கொண்டு
பின்பக்கமாய் எட்டணா வரிசைக்குப் போனேன்.

முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தேன்.
இவ்வளவு உயரமா நான்.
நான் இடது தோளில் விழுவேன்,
அவன் வலதில் விழுந்தான்.
தவமணியின் கை மட்டும்
ஒரு நொடி நின்றது.
பிறகு நாடா அவிழ்ந்தது.
மைதானம் மொத்தமும் மூச்சைப் பிடித்தது.
"அதானே பாத்தேன்!" நாகலிங்கத்தின் குரல்.
"பர்மாக்காரன் கண்ணு!"

சிலுவைக்கு வெளிச்சம் கூசியது.
இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.
அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.
பக்கத்திலிருந்தவன் கல்லைத் தூக்கினான்,
நான் அவன் கையைப் பிடித்தேன்.
பிடித்தபடியே, ஏனென்று தெரியாமல்,
"திருட்டுப் பயலே" என்று
மேடையைப் பார்த்துக் கத்தினேன்.
மூன்று மாதத்தில்
தமுக்கத்தில் நான் பேசியது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை மில்லில்
"பாத்தியாடா அவன் மூஞ்சிய?" என்றார் மேஸ்திரி.
பார்த்தேன் என்றேன்.
மூக்குத்தண்டில் துளசிராமின் தையல் தடம்
இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.
அவர் போகும்வரை
சொறியவில்லை.