பத்துக் கொட்டை மிச்சம்

நாற்பதாவது நாள்.
ரெக்கார்டு நோட்டில் மூன்று பாடத்திட்டங்களுக்கு
இன்னும் கையெழுத்து இல்லை.
வனஜாட்சி டீச்சர் பச்சை மைப் பேனாவைத் தேடுகிறார்.
கிடைக்கும்வரை வகுப்பைப் பார்த்துக்கொள் என்கிறார்.

நகரியில், பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டி
விசைத்தறிக் கொட்டகை.
அதன் சத்தத்தின் மேல் ஏறி நின்றுதான்
எதையும் சொல்ல வேண்டும்.
இங்கே பிள்ளைகள்
ரகசியத்தையும் கத்தித்தான் பேசுவார்கள்.
புத்தூர்க் கல்லூரியிலிருந்து பார்வையிட வந்தவர்
இருபதுக்குப் பதின்மூன்று போட்டு
'குரல் போதவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.
தறிக்கு எழுதியிருக்க வேண்டிய குறிப்பு.

என் தெலுங்கு பாதி கல்லூரியில் படித்தது,
பாதி பஸ்ஸில்.
பள்ளிப்பட்டில் ஏறினால் கொஞ்ச தூரத்தில்
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிடும்.
ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு சின்ன 'சரி'க்குறி,
யாரோ முன்கூட்டியே திருத்திவைத்த மாதிரி.

முதல் நாள், இரண்டாம் வகுப்பு,
ஒக்கட்டி, ரெண்டு, மூடு என்றார்கள்
முப்பத்தொரு பேரும் ஒரே குரலில்.
மூன்று என்று எனக்குத் தெரியும்.
பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
ஆனாலும் கால் நடந்துபோய்
கதவைச் சாத்திவிட்டது.
அவர்கள் சிரித்தது தறிக்கு மேலே கேட்டது.

முனிசேகருக்கு மட்டும் தினமும் தனியாக
ஹார்லிக்ஸ் பாட்டிலில் நூறு புளியங்கொட்டை.
அறுபத்தொன்பதுவரை தடுமாறாமல் வருவான்.
பிறகு நேரே எண்பது.
எழுபதுகள் அவன் ஊரில் இல்லை.
நூறைத் தொட்டுக் கைதட்டும்போது
தரையில் பத்துக் கொட்டை மிச்சம் இருக்கும்.
மணி அட்டை செய்தேன். ஏணிப் படம் வரைந்தேன்.
அட்டையில் எழுபதை மட்டும் சிவப்பில் எழுதினேன்.
சிவப்பு அழகாக இருக்கிறது என்றான்.

இன்றைக்கும் உட்கார்ந்தோம்.
முப்பதைத் தாண்டியபோது கரண்ட் போனது.
தறி நின்றது.
கத்திக்கொண்டிருந்த வகுப்பு
தன் சத்தத்தைத் தானே கேட்டுத் திகைத்து
மெல்ல அடங்கியது.
நாற்பது நாளில் முதல் தடவையாக
அவன் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.
லேசாகக் கரகரப்பு. சளி பிடித்திருக்கிறது.
அறவை தொம்மிதி என்றான்.
நான் மூச்சைப் பிடித்தேன்.
எனபை என்றான்.

திருத்தவில்லை.
ரெக்கார்டு நோட்டில் இதை எழுதப்போவதுமில்லை.
தொம்பை தொம்மிதி கடந்து
'வந்த' என்று முடித்தான்.
நூறுக்கு அவர்கள் பேச்சில் அதுதான் பேர்.
எனக்கோ அது பாதியில் நிற்கிற சொல்.
வந்த என்று சொல்லி நிறுத்தினால்
பின்னால் ஒரு ஆள் வேண்டாமா?
வந்த பெண். வந்த டீச்சர்.
வந்த வழி.

மிச்சம் பத்தையும் பொறுக்கி
என் உள்ளங்கையில் வைத்து
'அவசரம் லேது, டீச்சர்' என்றான்.
தேவையில்லை என்று அர்த்தம்.
நாற்பது நாளில் அந்த அளவு தெலுங்கு வந்திருக்கிறது.
என் காதுதான் பிடிவாதமாக
அவசரம் இல்லை என்றே கேட்டது.

பச்சைப் பேனா கிடைத்துவிட்டது.
மூன்று கையெழுத்து, ஒரு பள்ளி முத்திரை,
ஒரு அவித்த முட்டை சத்துணவிலிருந்து.
ஹேமாவதி வாசல்வரை வந்து
மள்ளீ எப்புடு ஒஸ்தாரு என்று கேட்கும்போது
கரண்ட் வந்துவிட்டது.
நான் சொன்ன பதில்
அவளுக்குக் கேட்டிருக்காது.
கேட்காத மாதிரிதான் சொன்னேனோ என்னவோ.

நாலேகால் பஸ்.
ஜன்னலோர சீட்டில் கையைத் திறந்து
ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டேன்:
டெப்பை.
டெப்பை ஒக்கட்டி.
டெப்பை ரெண்டு.
'எங்கம்மா போகணும்?' என்றார் கண்டக்டர்.
டெப்பை மூடு என்றேன்.
அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார்.
வெளியே ஒவ்வொரு பலகையாக
எழுத்துகளின் தலையிலிருந்து
'சரி'க்குறிகள் உதிர்ந்துகொண்டிருந்தன.