படத்தில் ஆள் விழக்கூடாது

விரிசல்களைப் படம்பிடிப்பது என் வேலை.
இடிக்கப்போகிற புளோக்கில் அல்ல,
அதன் பக்கத்துப் புளோக்கில்.
நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால்
இது முன்பே இருந்த விரிசல், ஐயா,
எங்கள் இயந்திரம் வருமுன்பே,
என்று காட்டுவதற்கு.
சுவரில் அளவுகோலை ஒட்டவேண்டும்.
எண், தேதி, மில்லிமீட்டர்.
நிழல்கூட விழக்கூடாது என்பார் லியோங்.

பதினெட்டு வருடத்தில் முதல் நீண்ட விடுப்பு.
ரோமிலிருந்து ரயிலில் அரைமணி, ஓஸ்தியா.
கடல் விலகிப் போய்விட்ட துறைமுகம்.
யவனர் துறையென்றால் மிளகு மணக்கும்
என்று எண்ணிக்கொண்டு போனேன்.
பைன் பிசின்தான் மணத்தது.
செங்கல், செங்கல், ஒரு பூனை, மறுபடி செங்கல்.

கைப்பையில் அளவுகோல் கிடந்தது.
பழக்கதோஷம்.
இரண்டாயிரம் வயதுச் சுவரில் வைத்துவிட்டேன்.
காவலாளி விசில் ஊதியபடி ஓடிவந்தான்.
"ஏழு மில்லிமீட்டர்" என்றேன், பதற்றத்தில், தமிழில்.
என்ன புரிந்ததோ,
கவலையாகத் தலையாட்டினான்,
தன் வீட்டுச் சுவர்போல.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஒன்றிலும் மனிதர் இல்லை.
ஒரு பழைய சாப்பாட்டுக்கடை முன்னால்
பதினொரு நிமிடம் நின்றேன்,
கொரியக் குடும்பம் ஒன்று
செல்ஃபி எடுத்து முடித்து விலக.
பளிங்கு மேடை. அடியில் கழுவுகிற தொட்டி.
சுவரில் முள்ளங்கி மாதிரி ஏதோ தீட்டியிருந்தது,
எழுத்து தெரியாதவனும் கைகாட்டி வாங்க.
வேறொரு சுவரில் ஒரு கீறல், நாலு வரி.
கவிதையாக இருக்கும் என்று
கிட்டத்தில் போய் ஆறு படம் எடுத்தேன்.

திங்கட்கிழமை தங்ளின் ஹால்ட்.
ரஃபிகுல் வேலிக்கதவைத் திறந்துவிட
நான் தவறான புளோக்குக்குள் நுழைந்தேன்.
தவறு என்றுதான் அறிக்கையில் எழுதவேண்டும்.

கீழே காப்பிக்கடை.
மேடை இருக்கிறது, தொட்டி இருக்கிறது,
மேலே பலகையில் மீ கோரெங் படம்.
சிவப்புதான் முதலில் போகும்.
மஞ்சள் அடுத்தது.
நீல நிறத்தில் ஒரு தட்டு நூடல்ஸ்,
நீல முட்டை,
நாலு வெள்ளி ஐம்பது காசு.

மாடிப்படிச் சுவரில் ஆ லோங்கின் ஆட்கள் எழுதியது:
வாங்கினாய், கட்டு.
வீட்டு எண்ணும் உண்டு.
நகர மன்றம் அடித்த வெள்ளைக்கு மேல்
ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக
ஏறி வந்திருக்கிறது சிவப்பு.
இது மட்டும் வெளுக்கவில்லை.
ஓஸ்தியாவின் அந்த நாலு வரியும்
கவிதையாக இராது என்று தோன்றிற்று.
யாரோ யாருக்கோ தரவேண்டிய பாக்கி.

ஒன்பதாவது மாடி.
பொதுநடையில் ஒரு ரப்பர் செருப்பு, இடதுகால்.
கேமராவை உயர்த்திவிட்டு
வழக்கம்போலக் காத்திருந்தேன்,
ஆட்கள் விலகட்டும் என்று.
விலக யாருமில்லை என்பது
சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

அப்புறமும் காத்திருந்தேன்.
இம்முறை யாராவது வரட்டும் என்று.
மின்சாரத்தை இன்னும் வெட்டவில்லை.
மின்தூக்கி வந்தது, திறந்தது,
உள்ளே தன் விளக்கை மட்டும் காட்டிவிட்டு
மூடிக்கொண்டது.

என்னைத் தேடிப் படியேறி வந்தவன் ரஃபிகுல்.
மூச்சு வாங்க, அக்கா இது அந்த புளோக் இல்லை, என்றான்.
அங்கேயே நில்லுங்கள் என்றேன்.
பாதுகாப்புச் சோதனை என்று நினைத்து
தலைக்கவச வாரை இறுக்கிக்கொண்டு
கடவுச்சீட்டுப் படத்துக்குப்போல விறைத்து நின்றான்.
பின்னால் முப்பது கதவுகள்.

படிவத்தில் 'அளவுகோல்' என்றொரு கட்டம்.
ரஃபிகுல் இஸ்லாம், ஐந்தடி நாலு அங்குலம்
என்று நிரப்பினேன்.
லியோங் அடித்துவிடுவார், தெரியும்.

படத்தைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்:
கவசம் இல்லாமல் இன்னொன்று எடுங்கள் அக்கா,
வீட்டுக்கு அனுப்பணும்,
இதில் யாரென்றே தெரியாது.

விதிப்படி கூடாது.
தலைமயிரைக் கையாலேயே வாரிக்கொண்டான்.
எடுத்தேன்.