இடது கை, மஞ்சள்

முள்ளை நாய் தின்றுவிட்டது.
சுழற்றிவிட்டால் எந்தக் கை, எந்த நிறம் என்று காட்டுமே,
அந்த பிளாஸ்டிக் முள்.
மிச்சமிருந்த அட்டையோடு
யார் உட்கார்ந்து அறிவிப்பது என்று சண்டை.
அறிவிப்பவருக்கு ஆட்டம் கிடையாது.

அதனால் எழுதினேன், நாற்பத்திரண்டு வரி.
தார்த்து நகரம், பிப்ரவரி, நான்காம் மாடி,
வெளியே மைனஸ் பத்தொன்பது.
ஊர்மஸ் வீட்டுச் சமையல் மேடையில்
வெள்ளரி ஊறும் ஜாடிக்கும் கறுப்பு ரொட்டிக்கும் நடுவே
மடிக்கணினியைத் திறந்து வைத்து
"இனி யாரும் வெளியே உட்கார வேண்டாம்" என்றேன்.

குரல் கடன் வாங்கியது.
பதினான்கு வேற்றுமை உள்ள எங்கள் மொழியில்
ஓர் உருபும் ஒட்டாமல்
மொட்டையாகச் சொன்னது:
வலது கால். நீலம்.
"நீலத்தையா, நீலத்திலா, நீலத்தோடா?" என்று
இலக்கணம் நடத்தும் லேலோ
ஒரு காலைத் தூக்கியபடியே கேட்டாள்.

ஒலி அடிக்கடி விக்கியது.
நான் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று.
ஆக, ஒருத்தி வெளியே.

வீவேயும் கௌபோவும்
அக்டோபரிலிருந்து பேசுவதில்லை.
அவள் காரை அவன் பின்னால் எடுத்தபோது
கேரேஜ் கதவில் உரசியது.
கதவுதான் உரசியது என்பது கௌபோ கட்சி.
முதல் ஆட்டம், ஒன்பதாம் அழைப்பு:
இடது கை. மஞ்சள்.
அவளுக்கு எட்டிய ஒரே மஞ்சள்
அவன் கழுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.
நீட்டினாள்.
தாழ்ப்பாள் போலக் குறுக்கே கிடந்தது கை.
இருவரும் விரிப்பையே பார்த்தார்கள்.

பதினான்காம் அழைப்பில் ஊலோ விழுந்தார்,
வேர்க்கடலைக் கிண்ணத்தோடு.
கீழ்வீட்டில் யாரோ வெப்பக் குழாயைத் தட்டினார்கள்.

இரண்டாம் ஆட்டத்துக்கு
அவரவர் பழைய இடத்திலேயே போய் நின்றார்கள்,
பேருந்தில் உட்காருவது போல.
பதினான்கில் ஊலோ மறுபடி விழுந்தார்.
"என் விதி" என்றார்,
காலுறைக்குள்ளிருந்து கடலையைப் பொறுக்கிக்கொண்டே.

மூன்றாவதில்தான் பார்த்தேன்.
ஒன்பதுக்கு முன்னால்
குரல் விக்கி நின்ற அரை நொடியில்
வீவேயின் கை மஞ்சளுக்குப் புறப்பட்டிருந்தது.
கௌபோ தலையைக் கொஞ்சம் தாழ்த்தி
வழி விட்டிருந்தான்.

முதுகில் குளிர் ஏறியது எனக்கு.
விதை!
எண்களைக் குலுக்கும் கணக்குக்கு
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு புது விதை போட வேண்டும்.
ஒரே வரி. விட்டுவிட்டேன்.
அதே கட்டு, அதே வரிசை, மூன்று முறை.
ஊலோவின் விதியை எழுதியவள் நான்.

அலுவலகமாக இருந்தால்
அந்த நிமிடமே திருத்தியிருப்பேன்.
நான்காம் ஆட்டம் முடியும்வரை
வெள்ளரி தின்றுகொண்டு நின்றேன்.
ஒன்பது வந்தது, போனது.
ஐந்தாவதுக்கு முன்னால் லேலோ புருவத்தைச் சுருக்கி
"இது ஏற்கெனவே கேட்ட மாதிரி..." என்று தொடங்க,
மாட்டிக்கொள்ளும் பயத்தில்
அந்த வரியைச் சேர்த்தேன்.

எட்டு அழைப்புகள், எட்டும் புதுசு.
யாருடைய முழங்காலும் பழைய முழங்கால் அல்ல.
ஒன்பது: வலது கால். பச்சை.
கால்கள் எல்லாம் பச்சைக்குப் போயின.
வீவேயின் இடது கை மட்டும்
பக்கத்திலேயே ஒரு மஞ்சள் சும்மா இருக்க
அதை விட்டுவிட்டு
கௌபோவின் கழுத்தைத் தாண்டிப் போய்
அங்கே ஊன்றியிருந்தது.

தப்பு. ஆட்டமிழப்பு.
அறிவிப்பவர்தான் சொல்ல வேண்டும்.
கணினிக்குக் கண் கிடையாது;
நானோ
ஜாடிக்குள் முள்கரண்டியை விட்டு
கடைசி வெள்ளரியைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஆட்டத்தில் ஊலோ விழவே இல்லை.
பதினைந்தாம் அழைப்புக்கும் நின்றுகொண்டிருந்தவர்
ஏதோ கூட்டிவந்தவரைத் தொலைத்ததுபோல்
சுற்றுமுற்றும் பார்த்தார்.