வெள்ளிக்கிழமை முடிவு

கோமதி டாக்கீஸில் அந்தப் படத்துக்கு
வெள்ளிக்கிழமை ஒரு முடிவு,
திங்கட்கிழமை வேறொன்று.
இரண்டையும் பார்த்தவள் நான்.

வெள்ளி, முதலாட்டம்.
கடையில் பீடிக்கட்டை ஒப்படைத்துவிட்டு
விரலில் புகையிலைத் தூள் போகாமல்
தரை டிக்கெட்டில் பூலம்மாவும் நானும்.
ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள்.
ஆலங்குளத்து ஆனிக்காற்று
கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட
பாதி வசனம் கேட்கவில்லை.

கடைசியில் அவள் ரயிலேறிவிட்டாள்.
அழவில்லை.
அவன் பிளாட்பாரத்தில் ஓடிவருகிறான்,
இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து
முந்தியில் முடிந்த சில்லறையை அவிழ்த்து எண்ணுகிறாள்.
எண்ணி முடிப்பதற்குள் வணக்கம் போட்டுவிட்டார்கள்.

"என்னளா இது, பாதியில நிறுத்திட்டான்?"
பின்னாலிருந்து ஒருத்தி.
திரை வெறும் துணியான பிறகும்
பூலம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மாவுக்கு உப்புப் போட்டேன்.
ராத்திரி அடுத்த அறையில் அடி விழுந்தது.
வழக்கமான சத்தம்தான், சுவர் ஒன்றுதானே.
விடியுமுன் முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.
சொளவையும் இலை வெட்டும் கத்திரியையும் காணோம்.
முக்கூடலில் அவளுக்கு யாரும் கிடையாது,
பீடிக்கம்பெனி மட்டும் உண்டு.

அதற்குள் தென்காசியில் நாற்காலியை உடைத்தார்களாம்,
சங்கரன்கோவிலில் பெட்டியைத் திருப்பிவிட்டார்களாம்.
மதுரை ஆபீஸிலிருந்து
திங்கள் காலை பஸ்ஸில் ஒரு தகர டப்பா வந்தது.
டாக்கீஸ்காரர் மூச்சு விடவில்லை.

இந்த முடிவில் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுகிறாள்.
தண்டவாளத்தோடு ஓடிவருகிறாள்.
அவசரத்தில் எடுத்திருப்பார்கள்,
கட்டம் போட்ட சேலை
கோடு போட்டதாக மாறியிருந்தது.
காலில் விழுந்தாள்.
தூக்கினான்.
முன்வரிசையில் அப்படியொரு விசில்.

கடன் வாங்கிப் பதினோரு டிக்கெட் எடுத்திருந்தார்
என் கொழுந்தன் உச்சிமாகாளி.
அவள் அப்பா, மாமா, இரண்டு அண்ணன், ஊர்ப்பெரியவர்கள்,
நடுவில் அவள்.

ஆட்டம் விட்டு சோடாக்கடை முன்னால் வைத்துக் கேட்டார்கள்:
"எதப் பாத்துட்டு ஓடுனியோ அதுலயே
அவ திரும்பிட்டாளே, இப்ப என்ன சொல்லுத?"

"நா பாத்த படத்துல அவ வரல."

சிரித்தார்கள். கிறுக்கு என்றார்கள்.
வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள்
ஊருக்குள் நூறு பேராவது இருப்பார்கள்.
ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை.
"மூத்தவளும் கூடப் போனால்லா? அவளக் கேளுங்க."

என் வீட்டுக்காரர் ஒரு பீடியைப் பற்றவைத்தார்,
நான் சுற்றியதுதான்.

"நா பாக்கல" என்றேன்.
"கடைசியில இருட்டுக்குள்ள செருப்பத் தேடிட்டிருந்தேன்."

பூலம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.
காலைப் பார்த்தாள்.
அவர்களோடு நாலு எட்டு நடந்தாள்.
முக்கூடல் பஸ் வந்து நின்றது.

இப்போது டிவியில் மத்தியானம் போடுகிறான்.
திங்கட்கிழமை முடிவுதான் ஓடுகிறது.
வேறு முடிவே எடுக்கவில்லை
என்று அடித்துச் சொல்கிறான் மருமகன்.
பின்னே எதற்குச் சேலை மாறுகிறது என்று
நான் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் இருமலோடு
பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
டோக்கன் வாங்கித் திரும்பினால்
பெஞ்சு ஓரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள்.
மடியில் மருந்துச் சீட்டு, பக்கத்தில் தூக்குச்சட்டி.
முப்பத்தெட்டு வருஷம்.
நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"யக்கா, அன்னைக்குச் செருப்பு கெடச்சுதா?"

பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.
யாரோ எழுந்து போனார்கள்.

"இல்லளா" என்றேன்.

தூக்குச்சட்டியை எடுத்து மடியில் வைத்தாள்.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.