இழை எடுக்கும் நேரம்

பல்லவனில் வந்து இறங்கியபோது
ஐந்து பெட்டிகள் இருந்தன.
ஆறாவது, சின்னது,
ஞாயிறு திங்கள் என்று வாரம் எழுதிய
மாத்திரைப் பெட்டி,
சென்னை வீட்டில் ஃபிரிட்ஜின் தலைமேல்
அப்படியே உட்கார்ந்திருந்தது.

நாலு நாள்தானே என்றேன்.
பிள்ளையார் நோன்பு முடியட்டும், வாங்கிக்கொள்ளலாம்.
கொத்தமங்கலத்திலிருந்து காரைக்குடி
என்ன காசியா?

நாலு நாளும் வளவு நிறையப் பங்காளிகள்.
காலையில் வெள்ளைப் பணியாரம், பத்து மணிக்குச் சீடை,
மதியம் இலை,
இலையின் ஓரத்தில் தேனம்மை வைக்கும் ஊறுகாய்,
கூடவே அவள் கேள்வி:
"ஊருக்கு வந்துமா பத்தியம்?"
வேண்டாமென்று சொல்ல ஒரு வாய் போதாது.
சாப்பிட ஒன்று போதும்.

நோன்பன்று மாலை
இரண்டாங்கட்டில் கருப்பட்டிப் பணியாரம்
ஊற்றிக்கொண்டிருந்தேன்.
முதலில் தாடையில் வந்தது.
பல் என்று நினைத்தேன்.
பிறகு இரண்டு தோளுக்கும் நடுவே
யாரோ அம்மிக்கல்லைச் சாய்த்து வைத்தாற்போல.
வியர்வை.
அடுப்படியில் யாருக்குத்தான் வியர்க்காது?
ஆனால் இது
மார்கழிக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி
முதுகில் இறங்கியது.

"வாயு" என்றாள் தேனம்மை.
ஓமத்தண்ணீர் வந்தது.
"ரயில்ல தூங்கிருக்க மாட்டீக" என்றார் கொழுந்தனார்,
ரயிலில் வந்து நாலு நாள் ஆகியிருந்தது.
என் வீட்டுக்காரர்
கோடி வேட்டியில் உருவிய நூலை
எண்ணிக்கொண்டிருந்தார்,
ஒரு திரிக்கு இருபத்தொன்று.
நிமிர்ந்தால் கணக்கு விட்டுப்போகும்.
நானும் கூப்பிடவில்லை.
இழை எடுத்த பிறகு சொல்லலாம்.
நல்ல நாளில் ஆஸ்பத்திரி என்ற சொல்லை
யார் முதலில் எடுப்பது?

ஆவாரம்பூக் கட்டு கொண்டுவந்த
ஆட்டோக்காரர் சீனிமுகம்மது
சில்லறைக்கு நின்றவர்
என் முகத்தைப் பார்த்தார்.
"எங்க அத்தாவும் பெருநாளன்னிக்கு
பல்லு வலின்னுதான் சொன்னாக.
பிரியாணி எறங்கட்டும், போவோம்னாக."
அவ்வளவுதான்.
பூவைக் கீழே வைத்துவிட்டு
வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

கையில் மாவு காயாமலே ஏறினேன்.
வேட்டியை மடித்துக் கட்டியபடி
என் வீட்டுக்காரர் ஓடிவந்து ஏறினார்.
பதினாறில் விட்டாராம், பிறகு சொன்னார்.

காரைக்குடியில்
ஒரு பெண் நெஞ்சில் பசை தடவி
வயர்களை ஒட்டினாள்.
கருவியிலிருந்து காகிதம் நகர்ந்து வந்தது,
அதில் ஒற்றை நூல்.
ஏறியது, இறங்கியது,
ஓரிடத்தில் இறங்க மறந்து
மேலேயே நின்றது.
அந்தப் பெண் நடக்கவில்லை, ஓடினாள்.

அந்நேரம் வளவில்
இழைமாவில் திரியை ஏற்றியிருப்பார்கள்.
சுடரோடு சேர்த்து விழுங்குவோம் நாங்கள்.
சுட்டதென்று யாரும் சொன்னதில்லை.
எனக்கு அன்று
நாக்கின் அடியில் ஒரு சின்ன மாத்திரை.
லேசாகச் சுட்டது.
அதுவும் பிள்ளையார் கொடுத்ததுதான் என்று
கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்த வருஷம்
பெட்டிகள் மூன்றுதான்.
சின்னது கைப்பைக்குள், கைக்கு எட்டுகிற இடத்தில்.
எனக்கு இழைமாவு நெல்லிக்காய் அளவு.
கோவிலுக்கு நடந்து போய் நடந்து வந்தேன்,
ஊரே வேடிக்கை பார்த்தது.
பார்க்கட்டும்.

மறுநாள் மதியப் பந்தியில்
ஊறுகாயோடு வந்த தேனம்மை
என் இலைக்கு நேரே நின்றாள்.
வைக்கவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து
தன் இலையில் ரெண்டு துண்டாக வைத்துக்கொண்டாள்.
இடது தோளை நீவியபடி
"ரெண்டு நாளா இங்கன ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.
"வாயுதான். எல்லாரும் ஊருக்குப் போகட்டும், பாத்துக்கலாம்."

பாதியில் இலையை மடித்தேன்.
முகப்பு வரை போய்
சீனிமுகம்மது நிற்கிறாரா என்று
எட்டிப் பார்த்தேன்.