லாடக் கணக்கு

குதிரைக்கு நாலு லாடம்.
லாடத்துக்கு ஏழு ஆணி.
இதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது.

பட்டறையின் தெற்குச் சுவரில்
கணவாயை அடைத்து உட்கார்ந்தவர்களின் கரிக்கோடுகள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு லாடம், பாக்கி.
வடக்குச் சுவரில்
தாமல்செருவு வழியாய் இறங்கி வந்தவர்களுடையவை.
அவர்கள் குடியாத்தத்தில் தங்கியபோது
துருத்தியைக் கட்டைவண்டியில் ஏற்றி
ராவோடு ராவாய்ப் போய் அடித்தது.
இருநூற்று எட்டு. அதுவும் பாக்கி.

ஆற்காடு எங்களுக்கே என்றார்கள் இவர்கள்.
ஆற்காடு எங்களுக்கே என்றார்கள் அவர்கள்.
ஜெயித்ததும் தருகிறோம் என்பதில் மட்டும்
இரண்டு பேருக்கும் சண்டையில்லை.

பதினெட்டாம் பெருக்கு கழிந்து நாலாம் நாள்.
பாலாற்றில் மணல்தான் பெருகியிருந்தது.
ஆம்பூர் மலைக்கும் ஏரிக்கும் நடுவே
விடியுமுன்னே மண்சுவர் பேசத் தொடங்கிற்று.
முதல்தரம் ஏறி வந்தார்கள். திரும்பினார்கள்.
மறுதரம் வந்தார்கள். திரும்பினார்கள்,
பரங்கியரின் தொப்பிகளை அகழியில் விட்டுவிட்டு.
மூன்றாந்தரம்
போன சத்தம் திரும்பவில்லை.

சண்டையை நான் பார்க்கவில்லை.
கூரைமேல் ஏறிப் புகையைத்தான் பார்த்தேன்.
புகைக்குள் ஒரு யானை, அதன்மேல் ஒரு கொடி,
கொடியின் கீழ் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.
கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன்.
யானை இருந்தது.

எல்லப்பன் சுவருக்கு உள்ளே இருந்தான்.
கழன்ற லாடத்தை நின்ற இடத்தில் அடித்துத் தர
முந்தின நாளே இழுத்துப் போயிருந்தார்கள்.
உச்சிப்பொழுதில் வந்தான்.
தடவிப் பார்த்தேன், கைகால் எல்லாம் சரியாய் இருந்தது.
"பசிக்குதா?" என்றேன்.
"மழையா பேயுது?" என்றான்.

சாயங்காலம் குறடும் இரண்டு சாக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.
மோதிரம் உருவ வந்தவர்கள் வேறு.
எனக்கு அது வேண்டாம்.
பாக்கி வைத்தவன் செத்தால்
இரும்பு இரும்புக்காரிக்கு.

செத்த குதிரையின் காலைத் தூக்குவது கஷ்டம்.
உயிருள்ளது என்றால்
பாதி பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும்.

தெற்குச் சுவருக்கு ஒரு சாக்கு, வடக்குச் சுவருக்கு ஒரு சாக்கு.
ஆனால் சேணத்துணி எரிந்து கிடந்தது,
சூட்டுக்குறியை ரத்தம் மூடியிருந்தது,
குளம்புகளோ எல்லாம் ஒன்றையே சொல்லின,
மூன்று தட்டு, ஒரு இழுப்பு,
என் புருஷன் கை.
ஒரே சாக்கில் போட்டேன்.
மற்றதைத் தோளில் போட்டுக்கொண்டேன், பனி இறங்கியிருந்தது.

அகழியோரம் ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது, சிவலை.
அதன் வயிற்றை நான் பார்க்கவில்லை.
குறடு குலுங்கிய ஓசை கேட்டதும்
முன்னங்காலை மடக்கித் தூக்கிக் காட்டியது
பட்டறை வாசலில் காட்டுவதுபோல.

கழற்ற வந்தவள் நான்.
அது அடிக்கச் சொல்லி நின்றது.

காலைக் கையில் வாங்கினேன்.
இருட்டும்வரை பிடித்திருந்தேன்.
கொஞ்சம் கொஞ்சமாய்
முழுப் பாரமும் என்னிடம் வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் ஜெயித்தவர்களின் ஆள் வந்தான்.
ஆற்காட்டுக்குப் போக முந்நூறு குதிரை, சீக்கிரம் என்றான்.
வடக்குச் சுவரைக் காட்டினேன்.
தெற்குச் சுவரையும் காட்டினேன்.
"அது செத்தவன் கடன்."
"நவாப் கடன்" என்றேன்.
"இன்றைக்கு நவாப் யாரோ, அவர் கடன்."
சிரித்தான். முழங்கையால் தெற்குச் சுவரைத் துடைத்தான்.
சட்டையெல்லாம் கரி ஆனது.
வடக்குச் சுவருக்கும் ஒன்றும் தரவில்லை.

எல்லப்பன் வளைந்த ஆணிகளை நிமிர்த்துகிறான்.
ஒன்றை வைக்கிறான், அடிக்கிறான்.
நிமிர்ந்த பிறகும் அடிக்கிறான்.
முன்பெல்லாம் ஓசை மாறியதும் நிறுத்துவான்.
இப்போது தோளைத் தொட வேண்டியிருக்கிறது,
ஒவ்வொரு ஆணிக்கும்.